வாரண்டியில் அனுப்பிய பாகமே திரும்பி வருமா?

வாரண்டி இருக்கும்போது கணினியின் ஒரு பாகம் கெட்டுப்போனால், தயாரித்த நிறுவனம் அதையே பழுது பார்த்துத் தருமா, மாற்றித் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான பாகங்களை மாற்றித்தான் தருவார்கள். நீங்கள் அனுப்பியது உங்களிடம் திரும்பி வராது. மாற்றாக வருவது புத்தம் புதியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இந்த இரண்டும் தெரியாமல் நான் இழந்ததைச் சொன்னால், ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்பது புரியும்.

என்னுடைய ஹார்டு டிஸ்க் வாங்கிய இரண்டாம் ஆண்டில் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. வாரண்டி மீதம் இருந்தது. நிறுவனத்தின் தளத்தில் சீரியல் எண்ணைப் பதிந்து, ஆர்.எம்.ஏ. எண் (பொருளைத் திருப்பி அனுப்ப நிறுவனம் தரும் அனுமதி எண்) வாங்கி, பத்திரமாகப் பொதிந்து அனுப்பினேன். சரிசெய்து அதே டிஸ்க்கை அனுப்புவார்கள் என்று முழுமையாக நம்பினேன். மூன்று வாரம் கழித்து வந்த டிஸ்க்கில் வேறு சீரியல் எண் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. என் மகள் பிறந்ததிலிருந்து நான்கு ஆண்டுகள் எடுத்த படங்கள் பழைய டிஸ்க்கில்தான் இருந்தன. தொலைபேசியில் பேசிய பெண் பொறுமையாகவே சொன்னார்: “மாற்றிக் கொடுத்த பிறகு பழைய டிஸ்க் நிறுவனத்துக்குச் சொந்தம் சார். உள்ளே இருக்கும் தகவலுக்குப் பொறுப்பேற்பதில்லை என்று நிபந்தனையிலேயே இருக்கிறது.” இருந்தது. அனுப்பும் முன் நான் அதைப் படித்திருக்கவில்லை.

அன்றைக்குப் பிறகு, கையில் கிடைக்கும் எல்லா வாரண்டி நிபந்தனைகளையும் வரி விடாமல் படிக்கிறேன். ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே பொருளில் ஒரு வரி வருகிறது: பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்பதை நிறுவனமே முடிவு செய்யும். உங்கள் கேள்விக்கான சட்டபூர்வமான பதில் இந்த வரிதான். ஐரோப்பிய ஒன்றியம் போன்ற இடங்களில் நுகர்வோர் சட்டம் இதற்கு மேலே நிற்கிறது. அங்கே குறையுள்ள பொருளுக்கு விற்றவரே இரண்டு ஆண்டுகள் பொறுப்பு. பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்பதில் முதல் உரிமை வாங்கியவருக்கு. ஆனால் அது விற்றவரிடம் கேட்க வேண்டியது. தயாரித்தவர் தரும் வாரண்டி வேறு.

நிறுவனம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது பாகத்தின் அமைப்பைப் பொறுத்தது. பிராசசரைப் பழுது பார்க்க வழியே கிடையாது. 1994-ல் பென்டியம் பிராசசரில் வகுத்தல் கணக்கு தவறாக வந்தபோது, இன்டெல் கடைசியில் கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தர ஒப்புக்கொண்டு, அதற்காக 47.5 கோடி டாலர் ஒதுக்கியது. 2024-ல் அதே நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினி பிராசசர்கள் அடிக்கடி முடங்கிய விவகாரத்தில், தனியாகப் பெட்டியில் போட்டு விற்ற பிராசசர்களுக்கு மூன்று ஆண்டாக இருந்த வாரண்டியை ஐந்தாக்கினார்கள். மதர்போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் மூலம் திருத்தம் கொடுத்தார்கள். ஆனால் ஏற்கெனவே கெட்டுவிட்ட சிப்பை அந்தத் திருத்தம் மீட்காது, மாற்றத்தான் வேண்டும். ரேமும் இப்படித்தான். ஜோடியாக வாங்கியிருந்தால், ஒன்று கெட்டாலும் இரண்டையும் அனுப்பச் சொல்வது வழக்கம்.

மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் வேறு வகை. இவற்றில் ஒரு கெப்பாசிட்டரையோ சிறு சிப்பையோ எடுத்துவிட்டு வேறொன்றைப் பற்றவைக்க முடியும் என்பதால், உண்மையிலேயே பழுது பார்ப்பது இங்கேதான் அதிகம். அதுவும் எப்போதும் அல்ல. 2011-ல் இன்டெலின் 6 வரிசை சிப்செட்டில் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்), டிஸ்க்குகளை இணைக்கும் சில சாட்டா போர்ட்டுகளின் செயல்திறன் நாளடைவில் குறையும் கோளாறு தெரிய வந்தது. போர்டில் மற்ற எல்லாமே நன்றாக இருந்தன. இருந்தும் சிப்செட் சிறு சிப்பைப் போல எளிதில் மாற்ற முடியாதபடி போர்டோடு பற்றவைக்கப்பட்டது என்பதால் போர்டையே மாற்றினார்கள்.

ஹார்டு டிஸ்க்கைத் தூசியில்லாத அறையில்தான் திறக்க முடியும். ஒவ்வொருவரின் டிஸ்க்கையும் தனித்தனியாகத் திறந்து, சரிசெய்து, அவரவருக்கே அனுப்புவது நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது. திரும்பி வரும் டிஸ்க்குகளைச் சோதித்து, தேறுபவற்றைச் சீரமைத்து, அடுத்து வாரண்டி கேட்பவருக்குக் கொடுக்கிறார்கள். எனக்கு வந்ததன் லேபிளிலும் சீரமைக்கப்பட்டது என்றுதான் இருந்தது. இதை நான் மோசடி என்று சொல்லமாட்டேன். அந்த டிஸ்க் இன்றுவரை ஓடுகிறது. ஆனால் புதிய பொருள் வந்தது என்று எண்ணி, வாரண்டியும் புதிதாகத் தொடங்குகிறது என்று கணக்குப் போடாதீர்கள். பழைய வாரண்டியில் மீதமுள்ள காலம் அல்லது 90 நாட்கள், இவற்றில் எது அதிகமோ அதுதான் பல நிறுவனங்களின் வழக்கம்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.க்கு ஆண்டுக் கணக்கோடு, அதில் மொத்தம் எவ்வளவு தகவல் எழுதலாம் என்ற வரம்பும் உண்டு. சாம்சங் 870 ஈவோவின் ஒரு டெராபைட் மாடலுக்கு 5 ஆண்டுகள் அல்லது 600 டெராபைட் எழுதுவது, எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி. பவர் சப்ளையை மாற்றித்தான் தருவார்கள்.

மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். சார்ஜ் ஏறவில்லை என்று கொடுக்கிறீர்கள். சர்வீஸ் சென்டரில் மதர்போர்டையே மாற்றுகிறார்கள். பல மெல்லிய மாடல்களில் சேமிப்பகமும் அந்தப் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். போர்டு போனால் கோப்புகளும் போய்விடும். கெட்டது சார்ஜ் ஏறும் பகுதிதானே என்று நகல் எடுக்காமல் கொடுத்துவிட்டு அழுதவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர்.

வாரண்டியை மறுக்கப் பெரும்பாலும் சொல்லும் காரணம், பயன்படுத்தியவரால் வந்த சேதம் என்பது. மதர்போர்டில் பிராசசரைப் பொருத்தும் சாக்கெட்டில் ஒரு சிறு ஊசி (பின்) வளைந்திருந்தால் போதும். அதனால் போர்டோடு வந்த பிளாஸ்டிக் மூடியை எறியாமல் வைத்திருந்து, அதைப் பொருத்தியே அனுப்புங்கள். மூடும் முன் சாக்கெட்டையும் சீரியல் எண்ணையும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பகம் எதுவானாலும், ஆர்.எம்.ஏ. படிவத்தில் மாற்றை முன்கூட்டியே அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். கிரெடிட் கார்டு விவரத்தை வாங்கிக்கொண்டு முதலில் மாற்று டிஸ்க்கை அனுப்புவார்கள். பழையதைக் குறித்த நாட்களுக்குள் நாம் திருப்பி அனுப்ப வேண்டும். தவறினால் விலையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தச் சில நாட்கள் இரண்டு டிஸ்க்குகளும் உங்கள் கையில் இருக்கும். சத்தம் போடும் டிஸ்க் சில நேரம் சில நிமிடங்களாவது படிக்கும். ஆனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் சேதம் கூடலாம். ஈடு செய்ய முடியாத கோப்புகள் என்றால் அதை இயக்கவே வேண்டாம், நேராகத் தகவல் மீட்பவரிடம் கொடுங்கள். அவர் டிஸ்க்கைத் திறந்தால் வாரண்டி செல்லுமா என்று நிறுவனத்திடம் முன்பே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செலவுக்கு வழியில்லை, நீங்களேதான் நகல் எடுக்கப் போகிறீர்கள் என்றால், மொத்த டிஸ்க்கையும் எடுக்க முயலாதீர்கள். முதலில் குழந்தையின் படங்கள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் எடுங்கள்.