குளிரில் திணறும் எஞ்சின்

கேள்வி: என் சிறிய பெட்ரோல் கார் காலையில் ஸ்டார்ட் ஆனதும் குலுங்குகிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அணைந்துவிடுகிறது. சூடேறிய பின் எந்தக் குறையும் இல்லை. பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். பம்ப் பலவீனமாகியிருந்தால், வண்டி சூடான பிறகும், குறிப்பாக மேடேறும்போது, இழுவை குறைந்திருக்கும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரிவர ஆவியாகாது என்பதால் அதைக் கூடுதலாகத் தெளிக்க வேண்டும். எவ்வளவு என்பதை, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சார் தரும் அளவைக் கொண்டுதான் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ முதன்மையாகக் கணக்கிடுகிறது. சென்சார், குளிர்ந்த எஞ்சினைச் சூடானதென்று காட்டினால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் திணறும்.

இரவு முழுவதும் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை மட்டும் திருப்பி, ஈசியூ காணும் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிடும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 12 டிகிரி, கூலன்ட் 60 டிகிரி என்று காட்டினால் சென்சாரையோ அதன் கனெக்டரையோ சந்தேகிக்கலாம். 60 என்பது நம்பத்தகுந்த அளவே என்பதால் எச்சரிக்கை விளக்கு எரியாமலும் போகலாம். அளவுகள் சரியாக இருந்தால், எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படிந்த கரி, வெடித்த வேக்குவம் குழாய், தேய்ந்த ஸ்பார்க் பிளக் ஆகியவற்றைப் பாருங்கள். விலை கூடிய பம்பைக் கடைசியாக, அதுவும் அழுத்தத்தை அளந்து பார்த்த பிறகே, தொட வேண்டும்.