எதிர்ப்பின் நடுவில் சாட்சி: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

வந்த வரிசையிலேயே கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். நான் பாடம் எடுப்பது அப்போஸ்தலர் நடபடிகளும் முதல் நூற்றாண்டுகளின் சபைச் சரித்திரமும். அதற்கு வெளியே உள்ளவற்றுக்குச் சுருக்கமாகத்தான் பதில் வரும். ஒரே ஒரு வேண்டுகோள்: எழுதுவதற்கு முன் 1 பேதுரு 4:15-ஐ வாசியுங்கள். நமக்கு வருகிற எதிர்ப்பு எல்லாமே கிறிஸ்துவுக்காகப் படுகிற பாடு அல்ல. நம் வாய்த்துடுக்காலும் அந்நிய காரியங்களில் தலையிடுவதாலும் வருவதும் உண்டு.

கல்லூரி மாணவி: ஐயா, என் விசுவாசத்தைப் பற்றி யாராவது கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எனக்கு விசுவாசமே இல்லையோ என்று பயமாக இருக்கிறது.

பயம் வருவதும் விசுவாசம் இல்லாததும் வேறு வேறு, அம்மா. அப்போஸ்தலர் 4-ஐ எடுத்துப் பாருங்கள். அலங்கார வாசலில் சப்பாணி குணமானதால் பேதுருவும் யோவானும் கைதாகிறார்கள். ஆலோசனைச் சங்கம் அவர்களை மிரட்டி அனுப்புகிறது. விடுதலையானதும் நேரே தங்களைச் சேர்ந்தவர்களிடம் போய் எல்லோரும் சேர்ந்து ஜெபிக்கிறார்கள். அந்த ஜெபத்தில் மிரட்டலை எடுத்துப்போடும் என்று ஒரு வார்த்தை இல்லை. மிரட்டலைக் கர்த்தரிடம் ஒப்புவித்துவிட்டு, வசனத்தை முழுத் தைரியத்தோடு சொல்ல அருள் தாரும் என்கிறார்கள். அதற்குச் சற்று முன்புதான் ஆசாரியர்களுக்கு முன்னால் தைரியமாகப் பேசி அவர்களை ஆச்சரியப்படுத்தியவர்கள் இவர்கள். ஆனாலும் மறுபடியும் தைரியம் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டவர்களில் ஒருவர், சில வாரங்களுக்கு முன் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கே நடுங்கிய பேதுரு.

பவுலும் அப்படியே. எபேசியர் 6:19, 20-ல், சங்கிலியில் இருந்துகொண்டு, நான் தைரியமாய்ப் பேச எனக்காக ஜெபியுங்கள் என்று எழுதுகிறார். தைரியம் பிறவிக்குணம் என்றால் அவர் ஏன் கேட்க வேண்டும்? அது ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெறுவது, அதுவும் பலரோடு சேர்ந்து. உங்கள் வகுப்பிலோ விடுதியிலோ உங்களோடு ஜெபிக்க இரண்டு பேரைத் தேடுங்கள். தனியாக வீரம் காட்டப் போகாதீர்கள். பேசும்போது வாதத்தில் ஜெயிக்க முயலாமல், ஆண்டவர் உங்களுக்குச் செய்ததைச் சொல்லுங்கள். பேதுருவும் யோவானும் கண்டதையும் கேட்டதையும்தான் சொன்னார்கள்.

அலுவலக ஊழியர்: சாப்பிடும் முன் கண்மூடி ஜெபித்தால் கேலி செய்கிறார்கள். நிறுத்திவிடவா?

வேண்டாம், தம்பி. அதற்காகக் குரலை உயர்த்தவும் வேண்டாம். கேலியை ஒரு மாதம் புன்னகையோடு தாங்குங்கள், பெரும்பாலும் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள்.

வீட்டில் முதல் விசுவாசி: அப்பா அம்மா கடும் எதிர்ப்பு. வேதத்தைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். தகப்பனையும் தாயையும் விட்டு வரச்சொல்லி ஆண்டவரே சொன்னாரே, வீட்டை விட்டு வந்துவிடலாமா?

உங்கள் வலி புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் வசனம் வீட்டை விட்டு ஓடுவதற்கான கட்டளை அல்ல. பெற்றோரைவிட அவரை அதிகமாய் நேசிக்க வேண்டும் என்றார். பெற்றோரை வெறுத்து நடக்கிறவர்களை அவர் கடிந்ததும் உண்டு: காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனைக் கவனிக்காமல் விட்டவர்களை மாற்கு 7-ல் கண்டிக்கிறார்.

உங்கள் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து இருந்தால் அது வேறு. அப்போது உடனே பத்திரமான இடத்துக்குப் போங்கள். அப்படி இல்லையென்றால் வீட்டிலேயே இருங்கள். முன்பைவிட அதிகமாக வீட்டு வேலை செய்யுங்கள், மரியாதையாகப் பேசுங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள். ஆராதனைக்குப் போய்விட்டு நண்பன் வீட்டுக்குப் போனேன் என்றால், உங்கள் புதிய வாழ்க்கையைப் பற்றி அவர்கள் அறிகிற முதல் செய்தி நீங்கள் பொய்யர் என்பதாகிவிடும். மனப்பாடம் செய்த வசனத்தை யாரும் பிடுங்க முடியாது. ஒரு சங்கீதத்தில் தொடங்குங்கள். நீங்கள் இன்னும் வயதுக்கு வராதவர் என்றால், பெற்றோருக்குத் தெரியாமல் ஞானஸ்நானம் கொடுக்க அவசரப்படுகிறவர்களிடமிருந்து விலகி இருங்கள். பொறுத்திருப்பதால் உங்கள் விசுவாசம் குறைந்துவிடாது.

கணக்குப் பிரிவில் இருப்பவர்: பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொல்கிறார் மேலாளர். மறுத்தால் வேலை போகும். தானியேலைப் போல நிற்க ஆசை.

தானியேல் என்றதும் எல்லோரும் 6-ஆம் அதிகாரத்துச் சிங்கக் கெபிக்குப் போய்விடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது 1-ஆம் அதிகாரம். தன்னைத் தீட்டுப்படுத்தாதபடி தீர்மானம் செய்ததும் அவர் முழக்கமிடவில்லை. பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொள்கிறார். அவனோ, ராஜா என் தலையை வாங்கிவிடுவாரே என்கிறான். அவன் பயத்தைத் தானியேல் பழிக்கவில்லை. விசாரிப்புக்காரனிடம் போய், 10 நாள் சோதித்துப் பாரும் என்று ஒரு வழி காட்டுகிறார். தீர்மானத்தில் தளர்வு இல்லை, பேச்சில் பணிவு இருந்தது, எதிரே இருந்தவனுக்குச் சிக்கல் வராமல் ஒரு மாற்றும் கையில் இருந்தது.

நீங்களும் முதலில் மேலாளரைத் தனியாகப் பாருங்கள். கூட்டத்தில் வேண்டாம். "இதில் என்னால் கையெழுத்திட முடியாது, சரியான கணக்கை இரவு உட்கார்ந்தாவது முடித்துத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். வேலை போகலாம். போகாது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், வேறு யாராவது கொடுத்தால் நம்பாதீர்கள். தானியேலின் நண்பர்கள் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ அக்கினிச் சூளைக்கு முன் சொன்னதில் "விடுவிக்காமற்போனாலும்" என்பதும் இருக்கிறது. அதையும் சேர்த்துத் தீர்மானம் செய்துவிட்டுப் போங்கள்.

பிளினி என்ற ரோம ஆளுநர் ஏறத்தாழ 112-இல் பேரரசன் திராயானுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. கிறிஸ்தவர்களை விசாரித்ததில், விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபச்சாரம் செய்யமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள் என்று தெரிந்ததாம். தண்டிக்க உட்கார்ந்தவனின் விசாரணைக் குறிப்பில் அவர்களுடைய நாணயம் பதிவாகியிருக்கிறது. கணக்குப் பிரிவில் நீங்கள் கொடுக்கக்கூடிய சாட்சி அதுதான்.

இளைஞர்: நண்பர்கள் கேலி செய்கிறார்கள், என்ன செய்வது?

மேலே அலுவலக ஊழியருக்குச் சொன்னதுதான்.

மற்றொருவர்: இந்த எதிர்ப்பெல்லாம் கடைசிகால அடையாளமா? எந்த ராஜ்யம் எழும்பும்?

என் பகுதி அல்ல. உங்கள் போதகரிடம் கேளுங்கள்.

குடும்பத் தலைவர்: எங்கள் பகுதியில் விசுவாசிகள் மேல் தாக்குதல் நடக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனால் அது மறுதலிப்பா?

இல்லை. மத்தேயு 10:23-ல் ஆண்டவரே, ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னார். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். ஆகாப் ராஜாவின் அரண்மனை விசாரிப்புக்காரர் ஒபதியா 100 தீர்க்கதரிசிகளைக் கெபிகளில் ஒளித்து வைத்துச் சாப்பாடு போட்டார். பிள்ளைகளைப் பத்திரப்படுத்துங்கள்.

மூத்த விசுவாசி ஒருவர்: ஐயா, இந்தப் பதிலை ஏற்க முடியாது. இப்படிச் சொல்லித்தான் சபை கோழையாகிவிட்டது. ஓடுகிறவன் மறுதலிக்கிறவன். ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியனே அப்படித்தான் எழுதினார்.

எழுதினார், ஐயா. உபத்திரவம் தேவனிடமிருந்து வருவது, ஆகவே ஓடக்கூடாது என்று தனி நூலே எழுதினார். ஆனால் அதற்கு முன்பு தம் மனைவிக்கு எழுதியதில், பிடிபட்டு வேதனையில் மறுதலிப்பதைவிட ஊர் ஊராக ஓடுவது மேல் என்றவரும் அவரே. பிற்காலத்தில் மொந்தானியர் என்ற கடும் ஒழுக்கக் கூட்டத்துக்குள் போனபின் மாறினார். சபை அந்த மாற்றத்தைப் பின்பற்றவில்லை.

அதே மூத்தவர்: பொலிக்கார்ப்பு ஓடினாரா? போன்ஹாஃபர் ஓடினாரா?

இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா சபையின் கண்காணியாக (பிஷப்பாக) இருந்த பொலிக்கார்ப்பு ஒதுங்கிப் போனார், ஐயா. நண்பர்கள் வற்புறுத்தியதால் ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்கும், தேடி வந்தபோது இன்னொன்றுக்கும் போனார். அதற்கு மேலும் தப்ப வழி இருந்தும், தேவனுடைய சித்தம் ஆகட்டும் என்று நின்றார். பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லி, ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டு, இரண்டு மணி நேரம் ஜெபித்தார். 86 ஆண்டுகள் கிறிஸ்துவைச் சேவித்தேன் என்று அவர் சொன்னதை எல்லோரும் சொல்கிறோம். அவருடைய மரணத்தைப் பற்றிச் சிமிர்னா சபை எழுதிய அதே கடிதத்தின் 4-ஆம் பகுதியை யாரும் சொல்வதில்லை. பிரிகியாவிலிருந்து வந்த குவிந்து என்பவன் தானாகவே போய்ப் பிடிபட்டான், மற்றவர்களையும் தூண்டிவிட்டான். அரங்கில் மிருகங்களைக் கண்டதும் நடுங்கி, ஆளுநர் சொன்னபடி பலி செலுத்திவிட்டான். தாங்களாகவே போய் ஒப்புக்கொடுக்கிறவர்களை நாங்கள் மெச்சுவதில்லை என்று சிமிர்னா சபை எழுதுகிறது. இரத்தசாட்சிகளை நேரில் பார்த்த சபை அது.

ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர் போன்ஹாஃபர் 1939-இல் அமெரிக்காவில் பத்திரமாக இருந்தும் சில வாரங்களிலேயே ஜெர்மனிக்குத் திரும்பினார். 1945 ஏப்ரல் 9-இல் தூக்கிலிடப்பட்டார். சாவைத் தேடித் திரும்பவில்லை. தம் ஜனத்தின் சோதனையில் பங்கெடுக்காமல், பிறகு அவர்களைக் கட்டியெழுப்ப உரிமை கேட்க முடியாது என்று திரும்பினார். போவதா நிற்பதா என்பதை அவரவர் பொறுப்புதான் தீர்மானிக்கிறது. இந்தச் சகோதரருடைய பொறுப்பில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதே மூத்தவர்: மேய்ப்பன் ஓடினால் ஆடு சிதறுமே.

அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. அதற்குக் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரக் கண்காணி சிப்ரியானைப் பாருங்கள். 250-இல் ரோமப் பேரரசன் தேசியுவின் உபத்திரவத்தில் ஒளிந்துகொண்டார். ரோமிலிருந்து குத்தலாக எழுதினார்கள். அவரோ மறைவிடத்திலிருந்து கடிதங்கள் வழியாகவே சபையை நடத்தினார், ஏழைகளுக்குப் பணம் அனுப்பினார். 258-இல் பேரரசன் வலேரியன் காலத்தில், ஊத்திக்கா நகருக்கு அழைத்துப்போய் முடித்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் மறுபடி ஒளிந்தார். காரணம் என்ன தெரியுமா? கண்காணி அறிக்கை செய்ய வேண்டியது தன் சொந்தச் சபையின் முன்னால் என்றார். அதிகாரி கார்த்தேஜுக்கு வந்ததும் இவரும் வந்தார். தீர்ப்பு வாசித்தபோது தேவனுக்கு ஸ்தோத்திரம் என்றார். வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொன்னார். முதலில் ஒளிந்ததும் பிறகு நின்றதும் ஒரே மனுஷன்தான், ஐயா. அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது, உங்களுக்கும் வராது.

இதை இத்துடன் விடுகிறேன். இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

சபை உறுப்பினர்: கூட்டத்தைத் தடுத்தார்கள். வழக்குப் போடலாமா? அது பழிவாங்குதல் ஆகாதா?

ஆகாது. பவுல் அடிபடுவதற்கு முன் தன் ரோமக் குடியுரிமையைச் சொன்னார், ரோமப் பேரரசனான இராயனுக்கு மேல்முறையீடு செய்தார். பிலிப்பியில் ரகசியமாக அனுப்பப் பார்த்தவர்களிடம், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்து விடட்டும் என்றார். வழக்கின் விவரங்களை நல்ல வழக்கறிஞரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

இளைஞர் குழு: எங்களைத் திட்டியவர்களை வீடியோ எடுத்துப் போட்டோம். ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். இதுவும் சாட்சிதானே?

இல்லை, தம்பிகளே. காயப்பட்டவர்கள் புகார் கொடுக்க ஆதாரமாக வைத்திருப்பது சரி. எதிரியை அவமானப்படுத்தப் பரப்புவது சரியல்ல. 1 பேதுரு 3:15 சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லச் சொல்கிறது. அழித்துவிடுங்கள். முதலில் சொன்ன 4:15-ஐயும் மறுபடி வாசியுங்கள்.

வேறொருவர்: கேலி செய்தால் என்ன செய்வது?

மூன்றாவது முறையாக இதே கேள்வி. தயவுசெய்து மேலே வாசித்துவிட்டு வாருங்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: அடித்தார்கள். இனி இயேசுவை வணங்கமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டேன். எனக்கு இனி சபையில் இடம் உண்டா?

உண்டு. இதை முதலில் கேளுங்கள், மற்றதைப் பிறகு வாசியுங்கள்.

நீங்கள் பட்டது புதிதல்ல. தேசியு காலத்தில் எல்லோரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலி செலுத்திச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணை. அந்தச் சீட்டுகள் எகிப்தின் மணலில் இன்றும் கிடைத்திருக்கின்றன. கார்த்தேஜில் ஏராளமானோர் விழுந்தார்கள், அதாவது மறுதலித்தார்கள். சிலர் பலியிட்டார்கள், சிலர் காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கினார்கள். பிறகு அழுதுகொண்டு சபைக்குத் திரும்பினார்கள். ரோமில் நொவாத்தியன் என்ற மூப்பன், இவர்களுக்குச் சபையில் இடமே இல்லை என்றான். சிப்ரியானும் 251-இல் கூடிய கண்காணிகளும் அவனை ஏற்கவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்து, சீட்டு மட்டும் வாங்கியவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள், பலியிட்டவர்களுக்கு நீண்ட மனந்திரும்புதலுக்கு வழி வைத்தார்கள். அடுத்த உபத்திரவம் நெருங்கியபோது, மனந்திரும்பிக் காத்திருந்தவர்களுக்கு உடனே சமாதானம் கொடுத்துச் சபை ஐக்கியத்தில் சேர்த்தார்கள். போருக்குப் போகிறவர்களை ஆயுதமில்லாமல் அனுப்பக்கூடாது என்பது அவர்கள் காட்டிய காரணம்.

உங்கள் போதகரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் உங்களைத் துரத்தினால் அது அவர் செய்கிற தவறு, வேறொரு மேய்ப்பரிடம் போங்கள். காயத்துக்கு மருத்துவம் பாருங்கள். இரவில் தூக்கம் வரவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உடனே மேடையேறிச் சாட்சி சொல்ல யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள். இதை வாசிக்கிற மற்றவர்கள் இவருக்காக ஜெபியுங்கள். புத்திமதி எழுத வேண்டாம்.

ஒரு சகோதரி: எங்கள் சபைச் சகோதரர் ஒருவர் காவலில் இருக்கிறார். ஜெபிக்கிறோம். வேறென்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம், சகோதரி. இரண்டாம் நூற்றாண்டில் லூசியான் என்ற கிரேக்க எழுத்தாளர் கிறிஸ்தவர்களைப் பரிகசித்து எழுதினார். அவர்களில் ஒருவன் சிறைப்பட்டால் விடியற்காலையிலேயே விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் சிறை வாசலில் வந்து நிற்பார்கள், சாப்பாடு உள்ளே போகும், தூரத்துப் பட்டணங்களிலிருந்து ஆட்கள் உதவிக்கு வருவார்கள் என்கிறார். பவுலைத் தேடி ரோமில் அலைந்து கண்டுபிடித்த ஒநேசிப்போருவும் அப்படிப்பட்டவர்தான். பவுலே தீமோத்தேயுவிடம் மேலங்கியும் தோற்சுருள்களும் கேட்டார்.

இன்றைக்கே அவர் வீட்டுக்குப் போங்கள். வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் எப்போது கட்ட வேண்டும் என்று கேட்டு, யார் எதைக் கொடுப்பது என்று சபையில் பிரித்துக்கொள்ளுங்கள். சிறையில் என்ன அனுமதிப்பார்கள் என்று வழக்கறிஞரிடம் கேட்டுத் துணியும் மருந்தும் கொண்டுபோங்கள். அவர் மனைவியோடு நீதிமன்றத்துக்கு ஒவ்வொரு தவணையும் ஒருவர் போக வேண்டும், முறை போட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். ஆறாவது மாதத்துக்கு யார் வருவார்கள் என்று இப்போதே பெயர் எழுதி வையுங்கள்.