ஒரே பாத்திரத்துல எல்லாருக்கும் பக்வீட் கஞ்சி: க்ளூட்டனும் இல்லாம, கொழகொழப்பும் இல்லாம

கேள்வி: மேடம், என் 8 வயசு பொண்ணுக்கு செலியாக்னு, அதான் கோதுமை மாதிரி தானியத்துல இருக்கற க்ளூட்டன்ங்கற புரோட்டீன் குடல பாதிக்கற நோய்னு, இப்பதான் கன்ஃபர்ம் ஆச்சு. வீட்ல நாங்க நாலு பேர், சின்னவனுக்கு 3 வயசு. காலையில அவளுக்கு தனியா ஒண்ணு எங்களுக்கு தனியா ஒண்ணுன்னு செஞ்சு முடியல, அவளும் மூஞ்சிய தூக்கி வச்சுக்கறா. பக்வீட் கஞ்சின்னா எல்லாருமே சாப்பிடலாம்னு கேள்விப்பட்டு ஒரு பாக்கெட் வாங்கினேன், பிரவுன் கலர்ல வறுத்தது. ராத்திரி ஊறவச்சு காலையில அந்த தண்ணியோடயே அடுப்புல ஏத்தினேன். பசை மாதிரி வந்துச்சு, ஒரு மாதிரி வாடை வேற, ஒருத்தரும் தொடல. முதல்ல இதுல கோதுமை இருக்கா இல்லையா? இல்லன்னா இத சரியா எப்படி செய்றது?

பதில்: முதல் சந்தேகத்த முதல்ல முடிச்சுடுவோம். பேர்ல 'வீட்' இருக்கே தவிர பக்வீட்டுக்கும் கோதுமைக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. கோதுமை, பார்லி, ரை எல்லாம் புல் வகை, இது புல்லே கிடையாது, ருபார்ப்ங்கற புளிப்புத் தண்டு செடியோட குடும்பத்து விதை, அதனால இயல்பாவே இதுல க்ளூட்டன் இல்ல. பொண்ணு தாராளமா சாப்பிடலாம். ஆனா இத படிச்சுட்டு கையில கிடைக்கற எந்த பாக்கெட்ட வேணா எடுத்துடாதீங்க, ஏன்னா விதையில க்ளூட்டன் இல்லங்கறது வேற, பாக்கெட்ல க்ளூட்டன் இல்லங்கறது வேற. பக்வீட்ட நிறைய இடத்துல கோதுமைக்கு மாத்துப் பயிரா போடுவாங்க, அதே அறுவடை மெஷின், அதே லாரி, அதே மில்லு, எங்கயாவது ஒரு இடத்துல கோதுமை மாவு தூசி ஒட்டிக்கும். அதுக்குதான் லேபிள் பாக்கணும். 'க்ளூட்டன்-ஃப்ரீ'ன்னு போடணும்னா ஒரு கிலோவுல 20 மில்லிகிராமுக்கு மேல க்ளூட்டன் இருக்கக்கூடாதுங்கறதுதான் கோடெக்ஸ் அலிமென்டேரியஸ்ங்கற சர்வதேச உணவுத் தர விதிகள் வச்சிருக்கற அளவு, நிறைய நாடுகள்ல சட்டமும் அதுதான். அந்த வார்த்தை இருக்கற பாக்கெட்டா வாங்குங்க. 'கோதுமை இருக்கக்கூடும்'னு பொடி எழுத்துல போட்டிருந்தா அது உங்க வீட்டுக்கு வேண்டாம்.

சில பேர் வெள்ளை தட்டுல கொட்டி பொறுக்கி எடுத்துட்டா போதும்னு நினைக்கறாங்க. பொறுக்கறது நல்லதுதான், பக்வீட் மூணு முனையோட குட்டி முக்கோணமா இருக்கும், கோதுமை நீளமா நடுவுல ஒரு கோடோட இருக்கும், பாத்த உடனே தெரிஞ்சுடும். ஆனா மணிய பொறுக்கலாம், மாவு தூசிய பொறுக்க முடியுமா? கழுவினா போயிடும்னும் நம்ப முடியாது. செலியாக்குக்கு லேபிள்தான் காவல். அதே காரணத்துக்காக பக்வீட் மாவா வாங்கறதவிட முழு மணியா வாங்கி தேவைப்படும்போது வீட்ல அரைச்சுக்கறது எனக்கு பிடிச்ச வழி. கடை மாவு எந்த மெஷின்ல எதுக்கு அப்புறம் அரைச்சதுன்னு நமக்கு தெரியாது, மாவா அரைச்சு வச்சா சீக்கிரம் காறல் வாடையும் வந்துடும். இன்னொண்ணு, சோபாங்கற ஜப்பான் நூடுல்ஸ் பக்வீட்தானேன்னு வாங்கிடாதீங்க, அதுல பெரும்பாலும் கோதுமை மாவும் கலந்திருக்கும், பின்பக்கத்த படிக்காம தொடாதீங்க.

இப்ப உங்க பசை விஷயத்துக்கு வருவோம். பக்வீட் விதையில ஒரு வழவழப்பான நார்ச்சத்து இருக்கு, தண்ணி பட்டதும் வெளிய வந்துடும். ராத்திரி ஊறவச்ச தண்ணிய காலையில விரலால தொட்டு பாருங்க, கொழகொழன்னு நூல் இழுக்கும், சில சமயம் லேசா ரோஸ் கலர்ல கூட இருக்கும். அத அப்படியே கொதிக்க வச்சா பசை வராம வேற என்ன வரும்? அதுக்கு மேல நீங்க வாங்கினது ஏற்கனவே வறுத்த பக்வீட். ரஷ்யா, உக்ரைன் பக்கம் எல்லாம் வீட்டுக்கு வீடு சாப்பிடறது இந்த வறுத்ததுதான், ரொம்ப ருசியானது, ஆனா அத ஊறவைக்கவே கூடாது. வறுத்தது சீக்கிரம் வெந்துடும், ஊறினா குழைஞ்சுதான் போகும். அதோட வாசனையும் தூக்கலா இருக்கும், பழகினவங்களுக்கு அது மணம், முதல் தடவை சாப்பிடற குழந்தைக்கு அது 'ஒரு மாதிரி வாடை'. அந்த பாக்கெட்ட தூக்கி போட வேண்டாம், க்ளூட்டன்-ஃப்ரீ லேபிள் இருந்தா கீழ சொல்ற உப்பு கஞ்சிக்கு வச்சுக்கோங்க.

பசங்களுக்கு வாங்க வேண்டியது வறுக்காத பக்வீட், தோல் நீக்கினது, வெளிர் பச்சையா இல்ல வெளிர் மஞ்சளா இருக்கும். கறுப்பு தோலோட இருக்கறது முளை கட்டறதுக்கு, கஞ்சிக்கு ஆகாது. டார்ட்டரி பக்வீட்னு ஒரு வகையும் உண்டு, அது கசக்கும். அதுல ரூட்டின்ங்கற சத்து ரொம்ப அதிகம்னு விளம்பரத்துல சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா தண்ணி பட்டதும் அந்த ரூட்டின் உடைஞ்சுதான் கசப்பே வருது. குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு அது தேவையே இல்ல.

அளவு சொல்றேன். உங்க நாலு பேருக்கும் ஒரு கப் மணி போதும், எடை போட்டா 170 கிராம் கிட்ட வரும். பெரியவங்களுக்கு ஆளுக்கு 50 கிராம், பொண்ணுக்கு 40, சின்னவனுக்கு 25, 30ன்னு வச்சுக்கோங்க. ராத்திரி ரெண்டு தடவை அலசிட்டு மூணு கப் தண்ணியில ஊறப்போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஆறு ஏழு மணி நேரம் ஊறினா சரியா இருக்கும். காலையில அந்த தண்ணிய கொட்டிட்டு கண்ணு சின்ன வடிகட்டியில போட்டு குழாய்க்கு அடியில கையால அளைஞ்சு அளைஞ்சு கழுவணும், வழவழப்பு போய் விரலுக்கு இடையில மணி மணியா தட்டுப்படற வரைக்கும். ஒரு நிமிஷ வேலைதான், ஆனா மொத்த கஞ்சியும் இதுலதான் இருக்கு, இத விட்டுட்டு அப்புறம் பாதாம் போட்டேன் தேன் ஊத்தினேன்னு சொல்லி பிரயோஜனம் இல்ல.

கழுவினதும் அடி கனமான பாத்திரத்துல ரெண்டு கப் தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு துண்டு பட்டை போட்டு கொதிக்க விட்டு மணிய போட்டு தீய குறைச்சு மூடி வைங்க. பத்து நிமிஷத்துல தண்ணிய குடிச்சு மணி உப்பி ஓரம் லேசா வெடிச்சிருக்கும், ஒண்ண எடுத்து நசுக்கினா நடுவுல மாவு மாதிரி இல்லாம மெத்துனு இருக்கணும். அப்பதான் பால் ஊத்தணும், ஒண்ணு இல்ல ஒன்றரை கப். முதல்லயே பால் ஊத்தினா அடி பிடிக்கும், மணியும் வேக நேரம் ஆகும். பால் ஊத்தி அஞ்சு நிமிஷம் கிண்டிக்கிட்டே இருந்தா கெட்டிப்பட்டு வரும், நீங்க நினைக்கறதவிட கொஞ்சம் தளர்வா இருக்கும்போதே இறக்கிடுங்க, ஆறும்போது தானா இறுகும். மணி மணியா இருந்தா பசங்க துப்புவாங்கன்னா பாதிய மட்டும் மிக்ஸியில ஒரு சுத்து விட்டு திரும்ப கலந்துடுங்க, முழுசா அரைச்சீங்கன்னா மறுபடி பசைதான். பிரஷர் குக்கர்ல வைக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க, வைக்கலாம், ஆனா நுரைச்சு பொங்கி விசில் துவாரத்த அடைக்கும், அதனால பாதிக்கு மேல நிரப்பாதீங்க, எனக்கு கேட்டா திறந்த பாத்திரமே மேல்.

பால் பத்தி ஒரு விஷயம். செலியாக் புதுசா தெரிஞ்ச குழந்தைங்களுக்கு குடலோட உள்சுவர் இன்னும் ஆறியிருக்காது, அதனால பால்ல இருக்கற லாக்டோஸ்ங்கற சர்க்கரையும் கொஞ்ச நாளைக்கு ஒத்துக்காம போகலாம். கஞ்சி குடிச்சதும் வயிறு உப்பல், வயித்தால போறதுன்னு ஆச்சுன்னா உடனே பக்வீட் மேல பழி போட்டுடாதீங்க, லாக்டோஸ்-ஃப்ரீ பாலோ பாதாம் பாலோ ஊத்தி பாருங்க, டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. ஓட்ஸ் பால் மட்டும் க்ளூட்டன்-ஃப்ரீ லேபிள் இல்லாம வேண்டாம். பார்லி மால்ட் சேர்த்த சத்து பவுடர் எதையும் கஞ்சியில கலக்காதீங்க, அதுல க்ளூட்டன் இருக்கு, நிறைய வீட்ல தெரியாம நுழையறது இந்த வழியாதான்.

சத்து எவ்வளவுன்னா, 100 கிராம் பக்வீட்ல 13 கிராம் புரோட்டீன், 10 கிராம் நார்ச்சத்து, 230 மில்லிகிராம் கிட்ட மெக்னீசியம். அதே அளவு வெள்ளை அரிசியில புரோட்டீன் 7 கிராம்தான், நார் 1 கிராம் சொச்சம். தானியங்கள்ல குறைவா இருக்கற லைசீன்ங்கற அமினோ அமிலம் இதுல நல்லாவே இருக்கு. க்ளூட்டன்-ஃப்ரீ டயட்னு போனா வெறும் ஸ்டார்ச்சா சாப்பிட்டு நாரும் இரும்பும் குறைஞ்சு போறது சகஜம், அதனாலதான் நான் பக்வீட்ட சிபாரிசு பண்றேன். ஆனா ஒரு கிண்ணத்துல பாலோட சேர்த்தும் ஏழு எட்டு கிராம் புரோட்டீன்தான் வரும், அதுக்கு மேல வேணும்னா ஒரு ஸ்பூன் பாதாம் இல்ல நிலக்கடலை பட்டர் கலக்குங்க, நாலு கிராம் கிட்ட ஏறும். சின்னவனுக்கு முழு பருப்பு கொடுக்காதீங்க, 3 வயசுல தொண்டையில சிக்கும், பொடிச்சோ பட்டராவோ மட்டும்தான். பொண்ணுக்கு ரத்தத்துல இரும்பு குறைவுன்னு சொல்லியிருந்தா மேல ஸ்ட்ராபெரி, ஆரஞ்சு, கிவின்னு வைட்டமின் சி இருக்கற பழமா போடுங்க, புளிப்பு பழத்த கொதிக்கற பால்ல போட்டா திரிஞ்சுடும், கிண்ணத்துல ஊத்தி கொஞ்சம் ஆறினப்புறம் போடணும். டீ, காபி கஞ்சியோட வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளி வைங்க.

இனிப்பு பிடிக்காதவங்களுக்கு உங்ககிட்ட இருக்கற அந்த வறுத்த பக்வீட். ஊறவைக்காம அலசிட்டு ஒரு கப்புக்கு மூணு கப் தண்ணி வச்சு பதினஞ்சு நிமிஷம் வேகவிட்டு, வெங்காயம் கேரட் வதக்கி போட்டு, கடைசியா ஒரு முட்டைய அடிச்சு மெல்லிசா ஊத்தி கிண்டி முட்டை நல்லா வெந்ததும் மிளகு தூவி இறக்குங்க. அந்த தூக்கலான வாசனை உப்பு காரத்தோட சேரும்போது நல்லா பொருந்தும்.

இதவிட முக்கியமா ரெண்டு விஷயம் இருக்கு. பக்வீட் அலர்ஜின்னு தனியா ஒண்ணு உண்டு, க்ளூட்டனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. எல்லாருக்கும் வராது, ஆனா வந்தா கடுமையா வரலாம், ஜப்பான்லயும் தென் கொரியாவுலயும் பக்வீட்ட லேபிள்ல கட்டாயம் காட்டணும்னு சட்டமே இருக்கு. அதனால முதல் நாள் ரெண்டு பசங்களுக்கும் ஒரு ஸ்பூன் மட்டும் கொடுத்து பாருங்க. வாய் அரிப்பு, தடிப்பு, வாந்தின்னா நிறுத்திட்டு டாக்டரை பாருங்க, உதடு வீங்கி மூச்சு திணறினா ஒரு நிமிஷம் கூட காத்திருக்காம எமர்ஜென்சிக்கு போகணும். ஒத்துக்கிச்சுன்னா வாரத்துக்கு ரெண்டு மூணு நாள்னு ஆரம்பிங்க, நார்ச்சத்து திடீர்னு ஏறினா வயிறு கடமுடன்னுதான் இருக்கும்.

இன்னொண்ணு, ஒருத்தருக்கு செலியாக்னா அப்பா அம்மா கூடப்பிறந்தவங்கள்ல ஏறக்குறைய 10ல ஒருத்தருக்கு அது இருக்க வாய்ப்பு உண்டு, தொந்தரவே இல்லாம கூட இருக்கலாம். நீங்க மூணு பேரும் ரத்த டெஸ்ட் எடுத்தாச்சா? எடுக்கலன்னா அதுவரைக்கும் மத்த வேளையில வழக்கம்போல கோதுமை சாப்பிட்டுக்கிட்டே இருங்க, க்ளூட்டன முழுசா நிறுத்திட்டு டெஸ்டுக்கு போனா நோய் இருந்தும் இல்லன்னு காட்டிடும். காலை கஞ்சி மட்டும் எல்லாரும் ஒண்ணா சாப்பிடறதுல பிரச்சனை இல்ல.

வீட்ல கோதுமை புழங்கும்னா கஞ்சிக்குன்னு ஒரு வடிகட்டி தனியா வாங்கிடுங்க. பாத்திரம், கரண்டி எல்லாம் சோப்பு போட்டு நல்லா தேய்ச்சா போதும், பாஸ்தா வடிச்ச வடிகட்டிதான் வம்பு, கம்பி கண்ணுக்குள்ள ஒட்டினது வராது. கடலை பட்டர் பாட்டில்ல பிரெட் தடவின கத்திய விடற பழக்கம் இருந்தா பொண்ணுக்கு தனி பாட்டில்.

மிஞ்சினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க, மூணு நாள் தாங்கும். எடுக்கும்போது கத்தியால வெட்டற அளவுக்கு இறுகியிருக்கும், பயப்படாதீங்க, கொஞ்சம் பாலோ தண்ணியோ ஊத்தி கரண்டியால மசிச்சு ஆவி பறக்க சூடு பண்ணினா பழையபடி ஆயிடும். தினமும் ராத்திரி ஊறவைக்க முடியாதுன்னா ஞாயித்துக்கிழமை ரெண்டு கப் ஊறவச்சு கழுவி வடிச்சு தட்டுல பரப்பி ஃப்ரீசர்ல வச்சு, கட்டியானதும் டப்பாவுல கொட்டி வச்சுக்கோங்க. காலையில கொதிக்கற தண்ணியில நேரா போட்டா வேலை முடிஞ்சுது.