ஆஸ்திரேலியத் துப்பாக்கிச் சட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிட்னியின் போண்டை கடற்கரையில் 2025 டிசம்பர் 14 அன்று ஹனுக்கா என்ற யூத விழாவுக்குக் கூடியிருந்தவர்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 15 பேர் கொல்லப்பட்டனர். மறுநாளே மாநில முதல்வர்களைக் கூட்டிய பிரதமர் ஆன்டனி ஆல்பனீஸி, நாடு முழுவதும் துப்பாக்கிச் சட்டங்களைக் கடுமையாக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அதையொட்டி வந்த கேள்விகளில் சில இங்கே.

பிரதமரே ஒரு சட்டம் கொண்டுவந்துவிடலாமே, மாநிலங்களிடம் ஏன் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்? (சென்னை வாசகர்)

இந்தியாவில் ஆயுதங்கள் மத்தியப் பட்டியலில் இருப்பதால், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே. ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. மத்திய நாடாளுமன்றத்தின் அதிகாரங்களை வரிசைப்படுத்தும் அரசமைப்பின் 51ஆவது பிரிவில் துப்பாக்கி இடம்பெறவில்லை. இறக்குமதியைச் சுங்கத்தில் தடுக்க மத்திய அரசால் முடியும். ஆனால் உள்நாட்டில் யார் எந்த வகைத் துப்பாக்கியை வைத்திருக்கலாம், உரிமம் யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பவற்றையெல்லாம் 6 மாநிலங்களும் 2 ஆட்சிப்பகுதிகளும் தனித்தனியே இயற்றிய சட்டங்களே தீர்மானிக்கின்றன. ஆகவே பிரதமர் விடுக்கும் அழைப்பு, சட்டப்படி பார்த்தால், ஒரு வேண்டுகோள்தான். மத்திய அரசின் பணமும், மக்களின் கோபம் ஆறுவதற்குள் கிடைக்கும் சில வாரங்களுமே அதற்கு வலுச் சேர்க்கின்றன.

அப்படியானால் 1996இல் மட்டும் எப்படி முடிந்தது? (மதுரை வாசகர்)

அந்த ஆண்டு ஏப்ரல் 28 அன்று தாஸ்மானியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஜான் ஹோவர்ட் பிரதமராகி இரண்டு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. 12 நாட்களில், மே 10 அன்று, காவல்துறை அமைச்சர்களின் கூட்டத்தில், சில ரகத் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் தேசியத் துப்பாக்கி ஒப்பந்தம் உருவானது. இணங்காத மாநிலங்கள் இருந்தால், அதிகாரத்தை மத்திய அரசுக்கு மாற்றித் தருமாறு நேரடியாக மக்களிடமே வாக்கெடுப்புக்குப் போவேன் என்று ஹோவர்ட் எச்சரித்திருந்தார். பணத்துக்கும் வழி கண்டார். நியாயமான ஈடு தராமல் மத்திய அரசு எவருடைய சொத்தையும் எடுத்துக்கொள்ள அரசமைப்பு இடம் தராது என்பதால், மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் வரியை ஓராண்டுக்கு மட்டும் 0.2 சதவீதப் புள்ளி உயர்த்தி, தடைசெய்யப்பட்ட ஒவ்வொரு ரகத்துக்கும் விலைப்பட்டியல் வைத்து, 6 லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகளை வாங்கி நசுக்கினார்கள்.

கடும் எதிர்ப்பு அவருடைய கூட்டணியின் வாக்கு வங்கியான கிராமப்புறத்திலிருந்தே வந்தது. விக்டோரியாவின் சேல் என்ற ஊரில் துப்பாக்கி உரிமையாளர்கள் முன்னால் அவர் பேசியபோது, கோட்டுக்குள் அணிந்திருந்த குண்டு துளைக்காத கவசம் வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தது. அதை அணிந்தது தவறு என்று பின்னாளில் அவரே சொன்னார். என் பார்வையில் ஹோவர்டைவிடப் பெரிய அரசியல் விலை கொடுத்தவர்கள், துணைப் பிரதமர் டிம் ஃபிஷர் உள்ளிட்ட, கூட்டணியின் மற்றொரு கட்சியான தேசியக் கட்சியினர். அவர்கள் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது சொந்தத் தொகுதி விவசாயிகளை.

அதனால் உயிரிழப்பு உண்மையிலேயே குறைந்ததா? (திருச்சி வாசகர்)

துப்பாக்கியால் நிகழும் மரணங்கள் 1996க்கு முன்பே குறைந்துகொண்டிருந்தன என்பதால், அதன் பிறகான சரிவில் சட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பலரை ஒரே நேரத்தில் கொல்லும் தாக்குதல்களைப் பொறுத்தவரை மாற்றம் கண்கூடு: 5 அல்லது அதற்கு மேற்பட்டோர் பலியான சம்பவங்கள் 1996 வரையிலான 18 ஆண்டுகளில் 13 நடந்தன, அடுத்தது 2018இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆஸ்மிங்டனில்தான் நடந்தது.

தற்காப்புக்கென்று துப்பாக்கி உரிமம் கேட்கலாமா? (பிரிஸ்பேன் வாசகர்)

முடியாது. விவசாயம், வேட்டை, விளையாட்டுச் சங்க உறுப்பினர் என்பது போன்ற உண்மையான காரணம் ஒன்றைக் காட்ட வேண்டும். தற்காப்பு அந்தப் பட்டியலில் சேராது என்பதை 1996 ஒப்பந்தமே தெளிவுபடுத்தியிருக்கிறது.

குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகளின் உரிமம் பறிபோகுமா? (மெல்பர்ன் வாசகர்)

போண்டையில் சுட்ட இருவரில் மூத்தவர் குடியுரிமை இல்லாதவர். முறையான உரிமத்துடன் 6 துப்பாக்கிகள் வைத்திருந்தவர். உரிமம் பெற ஆஸ்திரேலியக் குடியுரிமையை ஒரு நிபந்தனையாக்கும் யோசனை முதல்வர்கள் கூட்டத்தில் முன்வைக்கப்பட்டதற்கு இதுவே பின்னணி. இதுவும் மாநிலச் சட்டத்தின் வழியாகத்தான் நடைமுறைக்கு வர வேண்டும் என்பதால், உங்கள் மாநிலக் காவல்துறையின் உரிமப் பிரிவு சொல்வதே உங்களுக்குப் பொருந்தும். ஒருவர் இத்தனை துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பும் அதே கூட்டத்தில் பேசப்பட்டது. இரண்டில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது உச்சவரம்புதான், ஏனெனில் போர்ட் ஆர்தருக்குப் பிந்தைய ஒப்பந்தம் வகைகளையும் காரணங்களையும் கட்டுப்படுத்தியதே தவிர, நாடு தழுவிய எண்ணிக்கை வரம்பு எதையும் விதிக்கவில்லை.

எல்லாத் துப்பாக்கிகளும் ஏற்கெனவே பதிவாகின்றன என்கிறார்களே, தேசியப் பதிவேடு எதற்கு? (கோவை வாசகர்)

பதிவாகின்றன, ஆனால் அந்தந்த மாநிலத்தின் ஏட்டில். 2022 டிசம்பரில் குயின்ஸ்லாந்தின் வியம்பில்லாவில் 2 காவலர்களும் அண்டை வீட்டுக்காரர் ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே, ஒரு வீட்டுக் கதவைத் தட்டும் காவலருக்கு உள்ளே என்ன ஆயுதம் இருக்கக்கூடும் என்பது எந்த மாநிலத்திலும் உடனுக்குடன் தெரிய வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. ஓராண்டு கழித்து, 2023 டிசம்பரில், தேசியப் பதிவேட்டுக்கு எல்லா அரசுகளும் ஒப்புக்கொண்டன. அது முழுமையாக இயங்க 4 ஆண்டுகள் வரை ஆகும் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. போண்டை தாக்குதல் நடந்தபோது அந்தப் பதிவேடு இன்னும் முடிந்திருக்கவில்லை. அதை விரைவுபடுத்துவதும் மறுநாள் கூட்டத்தின் முடிவுகளில் ஒன்று.