குடியிருப்புப் பொது அறைக்கு எந்த டிவி இணைப்பு? கேள்வி பதில்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

மேடவாக்கம், 48 வீடுகள்: கிளப்ஹவுஸுக்கு டிடிஎச் நல்லதா, கேபிளா?

சென்னை என்றால் நான் கேபிளைத்தான் சொல்வேன். காரணம், மழை. டிடிஎச் வருவது 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையிலான கேயூ பேண்டில். கனமழை அந்த அலைகளை விழுங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் செய்தி பார்க்க எல்லாரும் கூடும் நேரத்தில்தான் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும்.

ஆனால் ஆபரேட்டரிடம் ஒன்றைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்: லைன் உங்கள் வளாகம் வரை ஃபைபரா (கண்ணாடி இழை), கோஆக்ஸா (நடுவில் உலோகக் கம்பி உள்ள வழக்கமான டிவி கேபிள்)? கோஆக்ஸ் என்றால் வழியில் தெருக் கம்பத்தில் ஆம்ப்ளிஃபையர் இருக்கும். அதற்குக் கரண்ட் போனால், உங்கள் ஜெனரேட்டர் ஓடினாலும் படம் வராது.

வேளச்சேரி: செயலாளர் பெயரில் வீட்டு இணைப்பாகவே எடுத்துவிடலாமே?

வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் கட்டண உத்தரவுகளில் 'வணிகச் சந்தாதாரர்' என்பது ஓட்டல்காரர் மட்டுமல்ல. உறுப்பினர்களின் பயனுக்காக இணைப்பு எடுப்பவரும் அந்த விளக்கத்துக்குள் வரக்கூடும். எனவே சங்கத்தின் லெட்டர்ஹெட்டில், "குடியிருப்போர் மட்டும் பயன்படுத்தும் பொது அறை, கட்டணம் வசூலிப்பதில்லை" என்று எழுதி, எந்த வகையில் இணைப்பு தருகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சங்கத்துக்கென ஒரு சிம் எடுத்து அந்த எண்ணையே பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் நிர்வாகம் மாறிய பிறகும் ஓடிபி பழைய செயலாளர் போனுக்கே போய்க்கொண்டிருக்கும்.

தாம்பரம்: ஐபிஎல் இறுதிப் போட்டிக்குத் தலைக்கு 50 ரூபாய் வாங்கலாமா?

கூடவே கூடாது. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 37: உரிமம் இல்லாமல், கட்டணம் வாங்கிக்கொண்டு ஒளிபரப்பைப் பொதுமக்களுக்குக் காட்டுவது உரிமை மீறல். செலவைப் பராமரிப்பு நிதியிலேயே வையுங்கள்.

அதே சங்கம்: யாராவது ஒருவரின் ஓடிடி கணக்கைப் போட்டால்?

நெட்ஃபிளிக்ஸ் விதிகளில் தெளிவாகவே இருக்கிறது: தனிப்பட்ட பயன்பாடு, ஒரே வீட்டார். பொது அறை அதில் அடங்காது.

அம்பத்தூர்: மாதக் கட்டணமே இல்லாத, தூர்தர்ஷனின் டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் போதாதா?

தனியாகப் போதாது, சன் டிவியோ விஜய் டிவியோ அதில் இல்லை. ஆனால் கேபிளுக்குத் துணையாக ஒன்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். விளையாட்டு ஒளிபரப்பைப் பகிர்வதற்கான 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி தூர்தர்ஷனோடு கட்டாயம் பகிரப்படும் கிரிக்கெட் ஆட்டங்கள் ஃப்ரீ டிஷ்ஷில் வரும். அதே டிடி சேனல் கேபிளில் அந்த நேரம் வேறு நிகழ்ச்சி காட்டும்.

ஃப்ரீ டிஷ் வரும் செயற்கைக்கோள் ஜிசாட்-15, 93.5 டிகிரி கிழக்கு. சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், ஏறக்குறைய 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரம் என்பதால் பக்கத்துக் கட்டடம் அதிகம் மறைக்காது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி மட்டும் டிஷ்ஷைப் பொருத்தாதீர்கள்.

டிஷ்ஷில் படம் வராவிட்டால், கோளாறு பெரும்பாலும் கேபிள் முனையில் திருகி மாட்டும் எஃப் கனெக்டரில்தான். கழற்றிப் பாருங்கள். நடுக் கம்பி பளபளவென்று, கனெக்டரின் விளிம்பைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கேபிளுக்குள் சுற்றியிருக்கும் வலைக் கம்பியின் ஒரே ஒரு இழை நடுக் கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகிவிடும். டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவியான எல்என்பிக்குப் போகவேண்டிய 13 அல்லது 18 வோல்ட் போகாது. கேபிள் கனெக்டருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். டிஷ்ஷிலிருந்து இறக்கும் ஆர்ஜி6 வகைக் கேபிளில் உச்ச அதிர்வெண்ணில் 100 மீட்டருக்குச் சுமார் 30 டெசிபெல் இழப்பு உண்டு. ஐந்து மாடி இறக்கி ஹால்வரை இழுத்தால் இடையில் லைன் ஆம்ப்ளிஃபையர் தேவைப்படலாம்.

போரூர்: ஹால் 30 அடி நீளம். 65 அங்குல டிவி போதுமா?

65 அங்குலத் திரையின் உயரம் 81 சென்டிமீட்டர். கீழே ஓடும் செய்தி எழுத்தைச் சிரமமின்றிப் படிக்க அதன் ஆறு மடங்கு தூரம்தான் எல்லை, அதாவது 16 அடி. கடைசி வரிசையில் பெரியவர்கள் உட்காருகிறார்கள் என்றால் நடுவில் இரண்டாவது டிவி வையுங்கள். அதற்கு இன்னொரு செட்டாப் பாக்ஸ் வேண்டாம். ஒரே பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் மூலம் இரண்டுக்கும் கொடுக்கலாம். சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை 15 மீட்டருக்கு மேல் நம்பாதீர்கள், படம் விட்டு விட்டு வரும். அதற்கு மேல் தூரமென்றால் கேட்6 நெட்வொர்க் கேபிளில் ஓடும் எச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர் வாங்குங்கள்.

போரூர்: மாதத் தொகையை எப்படிக் கணக்கிடுவது?

சேனல்களைக் கொண்டுவந்து தருவதற்கு ஆபரேட்டர் வாங்கும் நெட்வொர்க் கட்டணத்துக்கு, 200 சேனல் வரை 130 ரூபாய் என்று இருந்த உச்சவரம்பை 2024 ஜூலையில் ட்ராய் நீக்கிவிட்டது. அதனால் நெட்வொர்க் கட்டணம், சேனல் விலை, ஜிஎஸ்டி மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லி, இரண்டு மூன்று இடங்களில் வாங்கி ஒப்பிடுங்கள்.