தாத்தா பென்சனில் பேரன் பெயரைச் சேர்க்க முடியுமா?

பட்டர்வொர்த் வாசகி ஒருவரின் கேள்வி: கணவர் அரசாங்க மருத்துவமனையில் வேலை பார்த்தவர், பென்சன் வாங்குகிறார். பிறை தொழிற்சாலையில் இருந்த மகன் போன வருடம் தவறிவிட்டார். 11 வயதுப் பேரன் எங்களோடுதான் மூன்று வருடமாக இருக்கிறான். கணவருக்குப் பின் அவனுக்குப் பென்சன் கிடைக்குமா? 800 ரிங்கிட் கொடுத்தால் பெயரைச் சேர்த்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

அம்மா, அந்த 800 ரிங்கிட்டை முதலில் பத்திரமாக வையுங்கள். பணம் வாங்கிக்கொண்டு பென்சனில் பெயர் சேர்க்கிற வழி எதுவும் கிடையாது. கணவருக்குப் பிறகு பென்சன் உங்களுக்கும், 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்கும்தான். பேரன் அந்தக் கணக்கில் வரமாட்டான்.

தத்தெடுத்தால் வரலாம். "மடியில் வளர்த்தோம், ஊரே அறியும்" என்று கவுண்டரில் சொல்லிப் பயனில்லை, பதிவு வேண்டும். தேசியப் பதிவு இலாகாவில் பதிய, பையன் 18 வயதுக்குக் கீழே இருக்கவேண்டும், 2 வருடமாவது தொடர்ந்து உங்களிடம் வளர்ந்திருக்கவேண்டும், தாய் இருந்தால் அவர் சம்மதமும் வேண்டும். கணவர் இருக்கும்போதே முடித்தாகவேண்டும். ஆனால் பென்சனுக்காக மட்டும் ஒரு தாயிடமிருந்து பிள்ளையை எழுதி வாங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன மகன் பக்கம்தான் பேரனுக்கு வழி இருக்கிறது. தொழிற்சாலையில் சம்பளத்திலிருந்து சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா பிடித்திருப்பார்கள். சந்தா போதிய மாதங்கள் கட்டியிருந்தால், பையனுக்கு அப்பா வழியில் மாதாமாதம் பென்சன் உண்டு. வேலையிடத்தில்தான் இறந்திருக்கவேண்டும் என்பதில்லை. 21 வயது வரை, மேலே படித்தால் முதல் பட்டம் முடியும் வரை வரும். இறப்புச் சான்றிதழ், பையனின் சூராட் பேரானாக் (பிறப்புச் சான்றிதழ்), பழைய சம்பளச் சீட்டு, இவற்றோடு நேரே பெர்கேசோ அலுவலகத்துக்குப் போங்கள், சொக்சோவின் மலாய்ப் பெயர்தான் அது. ஏஜென்ட் வேண்டாம்.

வெல்ஃபேரில், அதாவது சமூகநல இலாகாவில், குழந்தை உதவியும் கேட்டுப் பாருங்கள், ஆனால் அங்கே தாத்தாவின் பென்சனும் வீட்டு வருமானமாகச் சேரும். பென்சன் இலாகாவுக்குப் பேரன் குடும்பம் இல்லையாம். வெல்ஃபேருக்கு மட்டும் தாத்தா பணம் குடும்பப் பணமாம்! இதை எத்தனை கவுண்டரில் கேட்டிருக்கிறேன், பதில்தான் இல்லை. பள்ளி திறக்கும்போது தரும் 150 ரிங்கிட்டுக்கு மட்டும் வருமானம் பார்ப்பதில்லை.

அப்புறம், ஆலோங், அதாவது லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுகிறவன். என்னிடம் வந்த ஒரு பாட்டி மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டினார். ஏடிஎம் கார்டு இருந்த இடத்தில் ரப்பர் பேண்ட் மட்டும் கிடந்தது. பேரனின் பள்ளிச் சீருடைக்கு 500 ரிங்கிட் கடன். கார்டும் பின் நம்பரும் ஆலோங்கிடம். பென்சன் நாளில் பாட்டிக்கு முன்னால் அவன்தான் மெஷினில் நிற்கிறான். உங்களிடம் 800 ரிங்கிட் கேட்டவர் கார்டையும் கேட்டாரா? கொடுத்திருந்தால் இன்றே பேங்குக்குப் போய் அதை ரத்து செய்யுங்கள்.