கொழும்பின் பழைய செய்மதிப் படங்களை இலவசமாக எங்கே பார்க்கலாம்?

துறைமுக நகரம் வருவதற்கு முன் காலிமுகத்திடல் பக்கம் கடல் எப்படி இருந்தது, அந்தப் படத்தைக் காசில்லாமல் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பார்க்கலாம்.

முதலில் லேண்ட்சாட், அதாவது அமெரிக்காவின் செய்மதி வரிசை. 1972 முதல் சேர்த்து வைத்த படங்கள். முன்பெல்லாம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2008இல் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் தொகுப்பை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் நடந்த மிக நல்ல காரியம் அதுதான். அவர்களுடைய எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் கணக்குத் திறந்து, 2014 தொடக்கத்துப் படத்தையும் 2019 படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னதில் வெறும் கடல். பின்னதில் அதே இடத்தில் 269 ஹெக்டேயர் நிலம், மணல் வெளேரென்று தெரியும்.

சரி, எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும்? இன்றைய லேண்ட்சாட் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 30 மீற்றர் அகலம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிப் படத்தில் 10 மீற்றர், ஆனால் 2015இலிருந்துதான் கிடைக்கும். இரண்டிலும் வெள்ளவத்தை ஒழுங்கையில் உங்கள் வீட்டைத் தேடாதீர்கள், அகப்படாது. கூரை தெரிய வேண்டுமென்றால் கூகுள் எர்த்தில் பழைய திகதிகளைப் புரட்டுங்கள்.

அப்புறம் மேகம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கொழும்பு பஞ்சுப்பொதிக்குள் கிடக்கும். ஜனவரி, பெப்ரவரி படங்களை முதலில் தேடுங்கள், நேரம் மிச்சம்.